அண்ணன் மகள் படிக்கப்போகும் ‘சிறுபான்மையினர் உடல்நலக் கொள்கை’: அது என்ன படிப்பு?

கேள்வி: “என் அண்ணன் மகள் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடிக்கப்போகிறாள். அடுத்து ‘சிறுபான்மையினர் உடல்நலக் கொள்கை’யில் ஆராய்ச்சி செய்யப்போகிறாளாம், ஐந்து வருடம் ஆகுமாம். வீட்டில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பேசாமல் மருத்துவம் படித்திருந்தால் நாலு பேருக்கு நேரடியாக வைத்தியம் பார்த்திருக்கலாமே என்கிறார் அண்ணன். இதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? படித்துவிட்டு என்ன செய்வாள்?”

அண்ணன் கேட்பது நியாயம்தான். நானும் டாக்டர் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில் பதினைந்து வருடமாக மருத்துவமனைத் தரவுகளோடு மாரடிக்கிறவன். இந்தப் படிப்பு படித்தவர்களோடு ஒரே மேசையில் வேலை பார்த்திருக்கிறேன். உருப்படியாக ஒரு விதியை மாற்றிக் காட்டியவர்களும் அவர்களில் உண்டு, கட்டுரைக்கு மேல் கட்டுரை எழுதி அதோடு நின்றுவிட்டவர்களும் உண்டு. இரண்டையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் ஊரில் சிறுபான்மையினர் என்றதும் மதம்தான் நினைவுக்கு வரும். அங்கே ‘மைனாரிட்டி ஹெல்த்’ என்றால் கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வழியினர், பூர்வகுடிகள், ஆசியர்கள், பசிபிக் தீவினர் ஆகியோரின் உடல்நலம். இது அரசாங்க அளவில் பேசுபொருளானது 1985இல். ரீகன் ஆட்சியில் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்த மார்கரெட் ஹெக்லர் ஓர் அறிக்கை வெளியிட்டார். வெள்ளையருக்கு இருக்கும் இறப்பு விகிதமே சிறுபான்மையினருக்கும் இருந்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் செத்திருக்க மாட்டார்கள் என்றது அது. மறுவருடமே அதற்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். இருபது வருடம் கழித்து, 2005இல், முன்னாள் சர்ஜன் ஜெனரல் (நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) டேவிட் சாட்சரும் கூட்டாளிகளும் கறுப்பினத்தவரை மட்டும் எடுத்துக்கொண்டு அதே மாதிரி கணக்குப் போட்டார்கள். 2002ஆம் ஆண்டுக்கு வந்த விடை 83,570. 1960க்கும் 2000க்கும் இடையில் இரு தரப்பு இறப்பு விகிதத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி பெரிதாக அசையவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

அந்த நாற்பது வருடத்தில் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. பைபாஸ் வந்தது, டயாலிசிஸ் பரவலானது, புதுப் புது மருந்துகள் வந்தன. இடைவெளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ‘நாலு பேருக்கு வைத்தியம்’ என்ற அண்ணனின் யோசனை எங்கே போதாமல் போகிறது என்பது இங்கே தெரியும். சில பேர் டாக்டர் முன்னால் வந்து உட்காருவதற்கு முன்பே, ஏதோ ஒரு விதியோ சூத்திரமோ அவர்களைக் கழித்துக்கட்டிவிடுகிறது. அது எங்கே இருக்கிறது, யார் எழுதியது, யார் மாற்ற முடியும் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் அண்ணன் மகள் படிக்கப்போகும் படிப்பு.

சிறுநீரகத்தை வைத்துச் சொல்கிறேன். லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குக் (தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவு) கீழே ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று ஓர் எண் வரும், பார்த்திருப்பீர்கள். சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதன் மதிப்பீடு அது. நேரடியாக அளந்த எண் இல்லை. கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டு வருவிப்பது. அமெரிக்காவில் 1999இலிருந்து அந்தச் சூத்திரத்தில் இன்னொரு பெருக்கலும் இருந்தது: நோயாளி கறுப்பினத்தவரா? ஆம் என்றால் விடையை உயர்த்திக்கொள். 2009இல் வந்த திருத்தப்பட்ட சூத்திரத்தில் அந்தப் பெருக்கெண் 1.159.

ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர், ஒரே வயது, இருவரும் ஆண்கள், இரத்தத்தில் ஒரே கிரியாட்டினின். ஒருவருக்கு விடை 18 வருகிறது. கறுப்பினத்தவரான இன்னொருவருக்கு 18ஐ 1.159ஆல் பெருக்க வேண்டும், 20.9 வரும். வெறும் மூன்று புள்ளி வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் டயாலிசிஸ் தொடங்காதவருக்கு மாற்றுச் சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியலில் நாள் எண்ணத் தொடங்குவது இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே போன பிறகுதான். ஆக, முதல் ஆளுக்கு இன்றைக்கே வரிசையில் இடம். இரண்டாமவர் வரிசைக்கு வெளியே நிற்கிறார், அவருடைய சிறுநீரகம் இன்னும் கொஞ்சம் கெட்டுப்போகும் வரை. இத்தனைக்கும் அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் இருக்கும் கறுப்பின மக்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு.

சூத்திரத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. அவர்கள் ஆய்வில் கலந்துகொண்ட கறுப்பினத்தவருக்கு, அளந்து பார்த்த சிறுநீரகச் செயல்பாடு ஒன்றாக இருந்தும் கிரியாட்டினின் சற்றே கூடுதலாக இருந்தது. தசை அதிகம் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். அதை எண்ணாக்கிச் சூத்திரத்தில் செருகிவிட்டார்கள். அதற்கப்புறம் ஆயிரக்கணக்கான லேப் கணினிகள் அதைக் கேள்வி கேட்காமல் பெருக்கிக்கொண்டே இருந்தன. தாய் வெள்ளையர், தந்தை கறுப்பினத்தவர் என்றால் எந்த எண்? ஒவ்வொரு நோயாளிக்கும் தசையை யார் அளந்தார்கள்? இப்படிக் கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். பாஸ்டனில் ஹார்வர்டு மாணவர்கள் கிளப்பிய கேள்வியால் 2017இல் அங்குள்ள பெத் இஸ்ரேல் மருத்துவமனை அந்தப் பெருக்கலைக் கைவிட்டது. வேறு ஊர்களிலும் மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2021இல் தேசிய அளவில் இனம் பார்க்காத புதுச் சூத்திரம் வந்தது. 2022இல், காத்திருப்புப் பட்டியலை நடத்தும் உறுப்பு மாற்று வலையமைப்பு பழைய முறையைத் தடை செய்தது.

இதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘இனிமேல் சரியாகப் போடுவோம்’ என்று விட்டிருந்தால், ஏற்கெனவே பின்தள்ளப்பட்டவர்கள் பின்னாலேயே நின்றிருப்பார்கள். 2023 ஜனவரியில் இன்னொரு விதி அமலுக்கு வந்தது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டி எடுக்க வேண்டும். பெருக்கல் இல்லாமல் கணக்கிட்டிருந்தால் எந்தத் தேதியில் தகுதி பெற்றிருப்பார் என்று பார்த்து, அந்த நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு இழந்த நாட்கள் பட்டியலில் திரும்ப ஏறின. இதை எந்த அறுவை மருத்துவரும் கத்தி எடுத்துச் செய்திருக்க முடியாது. ஒரு விதியைச் சரியான வாசகத்தில் எழுதத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

சரி, இதைக் கற்றுக்கொடுப்பது எப்படி? முதல் பாடம் எண்ணைச் சந்தேகிப்பது. எதை எதற்குப் பதிலாக அளந்திருக்கிறார்கள் என்று கேட்பது. 2019இல் ஸயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆசிரியர்களில் ஒருவர் தமிழ்ப் பின்னணி கொண்ட பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன். மருத்துவமனைகள் ஒரு மென்பொருளை வைத்து, எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று வரிசைப்படுத்தின. அந்த மென்பொருளுக்கு இனம் என்ற விவரமே கொடுக்கப்படவில்லை, அதனால் அது நடுநிலை என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் அது கணித்தது நோயின் கடுமையை அல்ல, அடுத்த வருடம் ஆகப்போகும் செலவை. ஒரே அளவு நோயுள்ள கறுப்பின நோயாளிக்குச் செலவு குறைவாக ஆகிறது, ஏனென்றால் அவருக்கு மருத்துவம் கிடைப்பதே குறைவு. செலவு குறைவு என்றால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று மென்பொருள் முடிவுகட்டியது. அதைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று காட்டினார்கள். ரேஷன் கடைக்குப் போகாதவனுக்குப் பசியே இல்லை என்று எழுதிவைத்த மாதிரி.

எண்ணைச் சந்தேகிப்பது தனக்குச் சாதகமான எண்ணுக்கும் பொருந்த வேண்டும், அதுதான் கஷ்டம். பிரசவத்தை ஒட்டிய தாய் இறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையர் 14.5 பேர். இந்த எண்களை மேடையில் சொன்னால் அரங்கமே அமைதியாகும். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சங்கடம் இருக்கிறது. 2003இலிருந்து இறப்புச் சான்றிதழில் ‘கர்ப்பமாக இருந்தாரா’ என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். மாநிலம் மாநிலமாக, பல வருடம் எடுத்து அது அமலானது. அதில் தவறாக டிக் போட்டதால், கர்ப்பமே இல்லாத வயதான பெண்கள்கூடச் சில இடங்களில் கணக்கில் வந்துவிட்டார்கள். ஆகவே ‘இருபது வருடத்தில் இத்தனை மடங்கு உயர்ந்துவிட்டது’ என்ற தலைப்புச் செய்தியை அப்படியே நம்பக் கூடாது. எப்படி எண்ணினாலும் கறுப்பினத் தாய்க்கும் வெள்ளையினத் தாய்க்கும் உள்ள இடைவெளி மறைவதில்லை, அதுவும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்த மாணவரை நம்பி நான் தரவைக் கொடுப்பேன். முதல் பாதியை மறைக்கிறவருக்கு, எவ்வளவு நல்ல நோக்கம் இருந்தாலும், கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது பாடம் பணம் எந்த வழியில் வருகிறது என்பது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு மெடிகெய்டு. பத்தில் நாலு பிரசவத்துக்கு அதுதான் பணம் கட்டுகிறது. கர்ப்பத்தின்பேரில் சேர்ந்த தாய்க்கு, பிரசவமாகி 60 நாளோடு அந்தக் காப்பீடு முடிந்துபோகும் என்பது பல காலம் இருந்த விதி. ஒவ்வொரு தாயின் மரணத்தையும் கோப்பு கோப்பாகப் படிக்கும் மாநிலக் குழுக்கள் உண்டு. அவர்கள் கண்டது: கர்ப்பம் தொடர்பான மரணங்களில் சுமார் 30 சதவீதம் பிரசவமாகி 43ஆம் நாளுக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் நேர்கின்றன. இதயம் பலவீனமாவது, இரத்த அழுத்தம், மனச்சோர்வு எதுவும் 60ஆம் நாள் காலண்டர் பார்த்து நிற்பதில்லை. 2021இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு, விரும்பும் மாநிலங்கள் இதை 12 மாதமாக நீட்டிக்கலாம் என்றது, 2022 ஏப்ரலிலிருந்து வாய்ப்பு திறந்தது. இப்போது ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டுவிட்டன. 60 என்பதை 12 மாதம் என்று மாற்றியதுதான் மொத்த மாற்றமும்.

‘விரும்பும் மாநிலங்கள்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒபாமாவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி மெடிகெய்டை இன்னும் அதிகமான ஏழைகளுக்கு எல்லா மாநிலங்களும் விரிவாக்க வேண்டும் என்று இருந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. கெண்டக்கி 2014இலேயே விரிவாக்கியது. ஒட்டி இருக்கும் டென்னசி செய்யவில்லை. ஆய்வாளருக்கு இது கைமேல் கிடைத்த சோதனைக்கூடம். எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் 2014க்கு முன் எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது, ஒரு மாற்றத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பார்க்கலாம். இந்தக் கழித்தலை ஒழுங்காகச் செய்யப் பழகவே இரண்டு வருடம் ஆகும்.

பணத்தின் பலத்துக்கு இன்னும் பெரிய உதாரணம் 1966. அதுவரை தென்மாநில மருத்துவமனைகளில் கறுப்பினத்தவருக்குத் தனி வார்டு, பல இடங்களில் அனுமதியே கிடையாது. வழக்குப் போட்டு ஒவ்வொரு மருத்துவமனையாகத் திறக்க வேண்டியிருந்தது. 1964 குடிமை உரிமைச் சட்டம், இனம் பார்த்து ஒதுக்குகிற இடத்துக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது என்றது. அடுத்து முதியோருக்கான மெடிகேர் வந்தது. பிரித்துவைத்தால் மெடிகேர் பணம் இல்லை என்று ஆனதும், சில மாதங்களில் ஏறத்தாழ 1,000 மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. இதைக் கேட்டதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இதற்கென்று தனியாக ஆள் தயார் செய்ய வேண்டும்? சும்மா நல்ல ஆய்வாளர்கள் போதாதா? இதற்கு வரலாற்றில் ஒரு பதில் உண்டு. 1910இல் மருத்துவக் கல்வித் தரத்தை உயர்த்தச் சொன்ன பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்றிருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும்தான் தப்பின. மூடிய ஐந்தும் நடந்திருந்தால் 35,000க்கு மேல் டாக்டர்கள் கூடுதலாக வந்திருப்பார்கள் என்று 2020இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. டாக்டர்கள் வராதபோது, விதி எழுதும் குழுக்களில் உட்காரும் ஆட்களும் வரவில்லை. சிறுநீரகச் சூத்திரத்தை அந்தப் பெருக்கலுக்கு ஆளானவர்கள் அதிகம் பேர் இருந்த மேசையில் வைத்திருந்தால், கேள்வி இன்னும் முன்னதாகவே வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குறையை நிரப்பத்தான் திட்டங்கள் வந்தன. ஹார்வர்டில் காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளையின் பணத்தில் 1996இல் தொடங்கிய திட்டம் டாக்டர்களை ஒரு வருடம் கொள்கைப் படிப்பில் உட்காரவைத்தது. ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திலும் மெஹாரியிலும் மையங்கள் அமைத்தது. பொருளியல், சமூகவியல், அரசியல் படிக்கும் முனைவர் பட்ட மாணவர்களை உடல்நலக் கொள்கைப் பக்கம் இழுப்பது நோக்கம். 2016இல் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையே இன்னொரு திட்டம் தொடங்கியது, எந்தத் துறை முனைவர் மாணவரும் சேரலாம் என்று. நகரமைப்பு, போக்குவரத்து படிக்கிறவர்கள்கூட வந்தார்கள். இது சரியான முடிவு என்பேன். ஒரு பேட்டையில் பேருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறது என்பது அங்குள்ளவரின் டயாலிசிஸ் தவறுவதோடு சம்பந்தப்பட்டது.

இனி என் புகார். இந்தத் துறையில் ‘இடைவெளி இருக்கிறது’ என்று நூற்றியோராவது முறை நிரூபிக்கும் கட்டுரைகள் மலிந்துவிட்டன. நேரில் பார்த்த ஒன்று சொல்கிறேன். மாநில சட்டமன்றக் குழு ஒன்றின் முன் ஓர் இளம் ஆய்வாளர் பேச வந்தார், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கிடைப்பதோ மூன்று நிமிடம், அவர் கையில் நாற்பது ஸ்லைடு. கட்டமைப்பு, அநீதி, வரலாறு என்று ஆரம்பித்தார், எல்லாம் உண்மைதான். நடுவில் ஓர் உறுப்பினர் கேட்டார்: “என் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) எத்தனை பேர்? எவ்வளவு செலவு?” ஆய்வாளர் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த கூட்டத்தொடரில் அதே பெண் ஒரே ஒரு தாளோடு வந்தார். இடப்பக்கம் கவுண்டிகளின் பெயர், நடுவில் ஆட்கள், வலப்பக்கம் டாலர். அந்த உறுப்பினர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்த ஒற்றைத் தாளைப் போடச் சொல்லித் தராத பட்டப்படிப்புகள் நிறைய உண்டு.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. படிவத்தில் அவள் ‘ஏசியன்’. அந்த ஒரே பெட்டிக்குள் ஜப்பானியர், வியட்நாமியர், நாம் எல்லாரும் அடக்கம். சராசரி எடுத்தால் ஏசியன்கள் ஆரோக்கியமானவர்கள் என்று வரும், பணமும் கவனமும் வேறு பக்கம் போகும். ஆனால் தெற்காசியர்களுக்கு இதய நோயும் சர்க்கரையும் எப்படிச் சீக்கிரம் வருகின்றன என்று நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களை மட்டும் தனியாக எடுத்துத் தொடர்ந்து பார்க்கும் மசாலா என்ற ஆய்வு 2010 வாக்கில்தான் தொடங்கியது. (ஆமாம், பெயரே அதுதான். நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.) உடல் பருமன் குறியீடு 25ஐத் தாண்டினால் சர்க்கரைப் பரிசோதனை என்ற அளவை, ஆசியர்களுக்கு 23 என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இல் மாற்றியது. தெற்காசியர் இதய நலத்துக்கென்று மசோதா கொண்டுவந்தவர் சென்னையில் பிறந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பிரமிளா ஜெயபால். பூர்வகுடிகள் நிலை இன்னும் மோசம். இறப்புச் சான்றிதழில் அவர்களில் பலரை வெள்ளையர் என்று எழுதிவிடுகிறார்கள், செத்த பிறகும் கணக்கில் வருவதில்லை. நம்மவர்களைப் பற்றி மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று அவள் ஒதுங்கிவிடாமல், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறாளா என்று கேளுங்கள்.

அண்ணனிடம் என்ன சொல்வது? வேலை கிடைக்கும். மாநில மெடிகெய்டு அலுவலகம், மருத்துவமனைக் குழுமம், காப்பீட்டு நிறுவனம், பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. ஆனால் காலம் கொஞ்சம் கரடுமுரடு. 2025இல், மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் மத்திய அரசு அமைப்பான என்.ஐ.எச்., இந்தத் துறை சார்ந்த பல ஆய்வு மானியங்களைப் பாதியிலேயே ரத்து செய்தது. ஆகவே வழிகாட்டியாக வரும் பேராசிரியரிடம், உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வி: உங்களிடம் படித்தவர்களில் யாருடைய வேலையால் எந்த விதி மாறியது? பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பார்க்கலாம். சமூகவியலோ பொருளியலோ, ஒரு துறையில் ஆழமாகக் காலூன்றிவிட்டுக் கொள்கையைத் தொடுவது நல்லது, வெறும் ‘கொள்கை’ மட்டும் படித்தால் கையில் கருவி இருக்காது.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் விண்ணப்பம் பூர்த்தி செய்து முடித்த பிறகுதான் கவனிக்கிறார்கள். மத்திய அரசின் பயிற்சி உதவித்தொகைகளில் பெரும்பாலானவை குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்கு மட்டும். மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணமோ, பேராசிரியரின் ஆய்வு உதவியாளர் வேலையோதான் வழி. அவள் எந்த விசாவில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. மாணவர் விசாவான எஃப்-1 என்றால், திட்டத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் தகுதிப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியைப் படித்துவிடச் சொல்லுங்கள்.